நெய்வேலியின் கொல்லைப்புற விருட்சங்கள்

தென்னார்க்காடு ஜில்லாவில், விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையே கிடந்த செம்மண் மேட்டு நிலத்தில், 1930களின் நடுப்பகுதியில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தமது நிலத்துக்கு நீர் வேண்டி ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது, ஊற்று நீரோடு கலந்து கரியைப் போன்ற கறுத்த துகள்கள் மேலே வந்தன என்பதுதான் நெய்வேலியின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் தொடங்கும் இடம். இருபது ஆண்டுகள் சென்று, அந்தக் கறுத்த பொருளை வெட்டியெடுக்க இயந்திரங்களோடு வந்தவர்களுக்குப் பெரிய இடையூறாக நின்றது தண்ணீர். நீரைத் தேடியவருக்குக் கரியும், கரியைத் தேடியவர்களுக்கு நீரும் கிடைத்த அந்த விசித்திரமான பூமியில் ஒரு நகரம் எழுந்து, அந்நகரத்து வீடுகளின் பின்புறத்தில் மாவும் பலாவும் தென்னையும் அறுபது கோடைகளைக் கண்டு நிற்கின்றன. வெட்டிய கரியின் டன்களையும் விளைவித்த மின்சாரத்தின் மெகாவாட்டுகளையும் கணக்கிட்டு எழுதியவர்கள் அநேகர் உண்டு. அந்தக் கொல்லைப்புற மரங்களை யார், எப்படி, எந்த நீரைக் கொண்டு காப்பாற்றி வந்தார்கள் என்பதும் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாகத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த மண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள சம்பந்தம் மனிதன் தோன்றுவதற்கு முன்பே ஏற்பட்டது. நாம் பழுப்பு நிலக்கரி என்று வழங்குவது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடலோரச் சதுப்பு நிலங்களில் தழைத்துச் சாய்ந்து, மணலாலும் களிமண்ணாலும் மூடுண்டு, அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் பக்குவப்பட்டுக் கிடந்த மரங்களேயன்றி வேறல்ல. கடலூர் மணற்கல் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் அதே பாறைத்தொடரின் வடபகுதியில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகச் சமைந்து கிடப்பதை, பாண்டிச்சேரிப் பக்கம் வந்த பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னெரா 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் கல்லாகவும் மற்றோரிடத்தில் கரியாகவும் மாறிய அந்த ஆதி வனங்களின் மேலே, பிற்காலத்து மனிதர்கள் தங்கள் சக்திக்கு ஏற்றபடி வேறொரு வனத்தை உண்டாக்கினார்கள்.

சுரங்கம் வருவதற்கு முன்னிருந்த அந்த மேட்டு நிலம் காவிரிப் பாசனப் பிரதேசத்தைப் போல வளமுடையதன்று. வாய்க்கால் பாசனம் எட்டாத புன்செய்க் காடு அது. மழையை நம்பிக் கம்பும் வரகும் மல்லாட்டையும் விதைத்து, எஞ்சிய இடத்தில் முந்திரியையும் பலாவையும் வளர்த்து, வரப்பு ஓரங்களில் பனையை நிறுத்தி வாழ்ந்த குடிகளின் பூமி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த முந்திரிக்கு, சத்துக் குறைந்து நீரை விரைவாக வடித்துவிடும் இந்தச் செம்மண் எப்படியோ பிடித்துப்போயிற்று. பண்ருட்டிப் பலாவின் கீர்த்தியையோ தனியே சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தார் முந்திரியிலும், பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் பலாவிலும் புது இரகங்களை வெளியிட்டபோது, அவர்கள் பெரும்பாலும் செய்தது, இந்த வட்டாரத்துக் குடியானவர்களின் கொல்லைகளில் ஏற்கெனவே தேறி நின்ற நல்ல மரங்களைப் பொறுக்கியெடுத்து வம்சம் பெருக்கியதுதான். பாலூர் 1 என்ற பலா இரகம் பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரமொன்றிலிருந்து தோன்றியது என்பதை இதற்குத் திருஷ்டாந்தமாகச் சொல்லலாம்.

அக்குடியானவர்களின் மரம் வளர்க்கும் முறை சிக்கனத்தில் பிறந்தது. கன்று நட்ட முதல் இரண்டு மூன்று கோடைகளில் மாத்திரம், குடத்தில் தண்ணீர் சுமந்துவந்து, பக்கத்தில் புதைத்த ஒரு பழைய மண்பானையை நிரப்பிவிட்டு, பானையின் மெல்லிய துவாரங்கள் வழியாகக் கசியும் ஈரம் வேர்களைக் கீழ்நோக்கி அழைத்துச் செல்லும்படி விடுவார்கள். அதற்குப் பிறகு மரம் தன் நீரைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை ஓடிப்போகாமல் தங்குவதற்காக மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டுவது, தை மாசியில் உதிரும் சருகை வாரி எரிக்காமல் அடியிலேயே பரப்பி விடுவது, சித்திரையில் ஆட்டுக்கிடை மறிப்பது ஆகியவையே அவர்களுடைய வைத்தியம். இவற்றில் ஒன்றுக்கும் ஏட்டில் எழுதிய சாஸ்திரம் கிடையாது. தகப்பன் செய்ததை மகன் பார்த்துச் செய்தான். மரமும் அந்த மகனுடைய சொத்தாகவே இருந்தது.

சுதந்திரம் வந்த பின்னர் இந்தக் காட்சி முழுவதும் மாறிற்று. சென்னை ராஜ்யத்தில் நிலக்கரி கிடையாது. ரயிலுக்கும் ஆலைக்கும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கரி வரவேண்டியிருந்தது. ஆகையால் தென்னார்க்காட்டுக் கரியைத் தோண்டியே தீரவேண்டுமென்று காமராஜர் விடாப்பிடியாக நின்றதும், 1956 நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற ஸ்தாபனம் பதிவானதும், 1957 மே 20ஆம் தேதி, கத்திரி வெயில் நடுவிலே, ஜவஹர்லால் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961 ஆகஸ்டில் கரிப்படுகை கண்ணுக்குத் தென்பட்டதும், 1962இல் சோவியத் ஒத்துழைப்போடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதும் பலரும் அறிந்த விஷயங்கள். இவ்வளவுக்கும் இடம் கொடுப்பதற்காகக் கிராமங்கள் பல பெயர்ந்தன. நிலத்தைக் கையகப்படுத்த வரும் அதிகாரிகள் வீட்டையும் கிணற்றையும் மதிப்பிடுவது போலவே மரங்களையும் ஒன்று விடாமல் எண்ணி விலை கட்டுவது நம் நாட்டு வழக்கம். காய்க்கும் பலாவுக்கு ஒரு விலை, காய்க்காத வேம்புக்கு வேறொரு விலை. ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக நிழலுக்கு ஒதுங்கிய மரம் இலக்கமாகி ஏட்டில் ஏறுவதும், பிறகு நிலத்திலிருந்து மறைவதும் சில மாத காலத்தில் முடிந்துவிடும் காரியங்கள். நெய்வேலியின் பசுமையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்வது நியாயம்.

இனி அந்தத் தண்ணீரின் விஷயம். கரிப்படுகைக்கு அடியில் மணலடுக்குகளில் அடைபட்டுக் கிடந்த ஆர்ட்டீசியன் ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேலே உள்ள மண்ணைச் சும்மா அகற்றிவிட்டால், பாரம் குறைந்த கரிப்படுகையை அந்த நீர் உடைத்துக்கொண்டு கிளம்பிச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். எனவே சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகலென்று பாராமல் நீரை வெளியேற்றி, ஊற்றின் அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரியை வெட்ட வேண்டும் என்பது அங்கே இயற்கை விதித்த நிபந்தனை. அவ்விதம் வெளியேற்றிய நீர் அனல்மின் நிலையத்துக்கும், நகரத்துக் குழாய்களுக்கும், சுற்றியுள்ள வயல்களுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே காரணத்தால் தங்கள் கிணற்று மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிப் போகிறதென்பது சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகளின் நெடுநாளைய மனக்குறை. நகரத்துக்குள்ளேயோ, பக்கத்துக் கிராமத்தார் குடத்தை எண்ணி ஊற்றிய அதே செம்மண்ணில், குழாயைத் திருப்பினால் போதும் என்ற நிலைமை உண்டாயிற்று.

இந்தச் சௌகரியத்தின் நடுவே வந்து குடியேறியவர்கள் பல தேசத்தவர்கள். தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், மலையாளி, ஆந்திரர் என்று வேலை தேடி வந்தவர்களோடு, சில காலம் ரஷ்ய நிபுணர்களும் ஜெர்மானிய நிபுணர்களும் அங்கே தங்கியிருந்தார்கள். அகன்ற சாலைகளும், வட்டம் என்று பெயரிட்டு எண் கொடுத்த குடியிருப்புப் பகுதிகளும், ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் முன்னும் பின்னும் தாராளமாக விட்ட நிலமும் அமைந்தன. 1950இல் மத்திய மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி ஆரம்பித்த வனமகோத்சவத்தின் உற்சாகம் தேசமெங்கும் பரவியிருந்த காலம் அது. பொதுத்துறை ஸ்தாபனங்கள் மரக்கன்று நடுவதைத் தேசத்தொண்டாகவே கருதின. தெருவோரங்களில் வேம்பும் தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும் வளர்ந்தன. கொல்லைப்புறத்தில் அவரவர் தாம் பிறந்த ஊரை நினைத்துக்கொண்டு நட்டார்கள். தஞ்சாவூர்க்காரர் தென்னையும் வாழையும், மலையாளி பலாவும், மற்றையோர் மாவும் கொய்யாவும் முருங்கையும் வைத்தார்கள். கறிவேப்பிலை இல்லாத வீடு கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, புளித்துப்போன மோரும் கறிவேப்பிலைக்கே என்ற விதிகளை அவ்வீட்டு ஸ்திரீகள் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனால் அவர்கள் கொண்டுவராத ஒன்றும் இருந்தது. அது அந்த மண்ணையும் அந்தக் கோடையையும் பற்றிய பரிச்சயம். கடலிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் உட்புறமாக அமைந்திருப்பதால், நெய்வேலியின் சித்திரை வைகாசி வெறும் வறண்ட உஷ்ணமாக இருப்பதில்லை. பகலில் செம்மண் அடுப்புத் தட்டாகக் காய்ந்திருக்க, மாலையில் கடற்காற்றின் ஈரம் வந்து சேர்ந்து, காற்று அசையாத இரவுகளில் புழுக்கம் மனிதர்களை வாசலுக்கு விரட்டும். மரத்துக்கும் இது சங்கடமான காலமே. காற்றில் ஈரம் நிறைந்திருக்கையில் இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்வது மந்தப்படுகிறது. மத்தியான்னத்தில் கிளை நுனிகள் வாடித் தொங்குவதைப் பார்க்கிறவர், மரம் தாகத்தால் தவிக்கிறதென்று எண்ணி, குழாயைத் திறந்துவிடுகிறார். வேர்ப்பகுதி ஏற்கெனவே ஈரமாயிருந்தால், மேலும் ஊற்றிய நீர் மண்ணிலுள்ள காற்றை வெளியே தள்ளி வேரை மூச்சுத் திணற வைக்கிறது. பூஞ்சணங்களுக்கோ அதைவிட நல்ல காலம் வேறில்லை. மத்தியான்னம் வாடியது சாயங்காலத்தில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் களைப்பு என்றும், விடியற்காலையிலும் இலை தொங்கிக்கொண்டிருந்தால் அப்போதுதான் நீர் தேவை என்றும் அறிந்துகொள்வது மரம் வளர்ப்பதில் அரிச்சுவடிப் பாடம். கைக்கு எட்டும் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்து, அது உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் வேண்டும் என்று தீர்மானிக்கும் வழக்கத்தைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள்தாம் குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் படிப்பித்திருக்க வேண்டும்.

பண்டை நூல்களும் இந்த விஷயத்தில் மௌனம் சாதிக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் விருக்ஷாயுர்வேதத்துக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கி, நட்ட மரங்களுக்குக் கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளும், மழைக்காலத்தில் பூமி உலர்ந்தபோது மாத்திரமும் நீர் விடவேண்டும் என்று விதிக்கிறார். சுரபாலர் என்பவர் இயற்றிய விருக்ஷாயுர்வேதம் என்ற தனி நூல் ஆக்ஸ்போர்டு போட்லியன் புத்தகசாலையில் ஏட்டுப் பிரதியாகக் கிடந்து, 1996இல் செகந்திராபாத்தில் மொழிபெயர்ப்போடு அச்சேறிற்று. இவ்விதிகளை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது, காலத்தை ஒட்டி அளவை மாற்று என்ற உபதேசத்தையே. ஈரமான பூமிக்கு மேலும் நீர் வேண்டாம் என்பதைத்தான் மழைக்கால விதி சொல்லுகிறது. குழாய் வசதியுள்ள ஊரில் அந்த விதி கோடைக்கும் பொருந்தும்.

நீரைக் கொடுக்கும் இடமும் முறையும் அளவைப் போலவே முக்கியமானவை. புதிதாக மரம் வைத்தவர்கள் அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் பறித்து அதில் நீரைத் தேக்கி விடுவார்கள். தண்டின் பட்டை ஊறி, பலாவிலும் மாவிலும் பிசின் வடிந்து அழுகல் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். தேர்ந்த தோட்டக்காரர் செய்வது நேர்மாறானது. அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து ஒரு மேடு கட்டி, அதற்கு வெளியே, கிளைகளின் நுனியிலிருந்து மழைத்துளி சொட்டும் கோட்டின் கீழே, மண்வெட்டியால் வட்டமாக வாய்க்கால் இழுத்து, நீரை உறிஞ்சும் இளவேர்கள் பரவியிருக்கும் அந்த இடத்தில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக இறங்கும்படி விடுவார். நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை மேலேயே நிறுத்திவைக்கும். இடைவெளி விட்டு ஆழப் பாய்ச்சும் நீர் வேரைக் கீழே இழுத்துச் செல்லும். தென்னைக்கு அடியிலிருந்து ஆறடித் தூரம் வரை வட்டமாகப் பாத்தி எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குமிழ்ந்த புறம் மேலே இருக்கும்படி நெருக்கமாகப் பரப்பி, அவை கிடைக்காவிட்டால் காய்ந்த ஓலைகளையோ நார்க்கழிவையோ இட்டு மூடிவைப்பது வழக்கம். வெயில் நேரே படாத அந்த மண்ணில் காலையில் விட்ட நீர் மறுநாளும் கையில் ஒட்டும். கூட்டிப் பெருக்கி வாசலைச் சுத்தமாக வைப்பதில் பெருமை கொள்ளும் நம் குடும்பங்களுக்கு மரத்தடியில் சருகைக் கிடக்க விடுவது முதலில் மனங்கொள்ளாத காரியமாயிருந்திருக்கும். ஆனால் சருகைக் கொளுத்திய வீட்டு மரத்துக்கும் சருகு மூடிய வீட்டு மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வைகாசி தெரியப்படுத்திவிடும்.

மாமரத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. கார்த்திகை மார்கழியில் அதற்குச் சற்று வறட்சி வேண்டும். அந்த வறட்சியில்தான் அது பூக்கத் தயாராகிறது. அந்தச் சமயத்தில் வாஞ்சையோடு நீரைப் பாய்ச்சினால் பூவுக்குப் பதில் தளிரைத் தள்ளிக்கொண்டு செழிப்பாக நிற்கும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பின்னரே கோடைப் பாசனம் தொடங்க வேண்டும். பூத்திருக்கும்போது பனியும் புழுக்கமும் சேர்ந்தால் தத்துப்பூச்சி கூட்டமாக வந்து பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, இலைகளின் மேல் தேன்போன்ற கசிவை வடிக்க, அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். அனல்மின் நிலையத்தை அண்டிய ஊரில் காற்றோடு வரும் தூசியும் சாம்பலும் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு இலையை இன்னும் மறைக்கும். அதற்காகவே கோடையின் விடியற்காலையில், ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்துச் சிதறடித்து, கிளைகளை நன்றாக அலம்பிவிடுவது நல்லது. இலை இரவெல்லாம் ஈரமாக நிற்கக் கூடாது என்பதால் இதை மாலையில் செய்யலாகாது. அறுவடை முடிந்த ஆடியில் உட்கிளைகளை அரிந்து காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையையோ, பழைய முறைப்படி சாணமும் செம்மண்ணும் பிசைந்த குழம்பையோ பூசிவிட்டால், அடுத்த கோடையின் வைத்தியத்தில் பாதி முடிந்தது.

கரியிலிருந்தே உரமும் எரிபொருளும் பிறந்தது இவ்வூரின் மற்றொரு விசேஷம். 1960களின் நடுவில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்யும் தொழிற்சாலையும், லெக்கோ என்ற பெயரில் அடுப்புக்கரிக் கட்டிகளைச் செய்யும் தொழிற்சாலையும் நெய்வேலியில் இயங்கத் தொடங்கின. விறகுக்காக வெட்டப்படும் மரங்களை லெக்கோ மிச்சப்படுத்தும் என்பது அக்காலத்தில் சொல்லப்பட்ட நியாயம். யூரியாவோ தழையை மிகுவித்துக் காயைக் குறைக்கும் தன் சுபாவத்தால், அளவறியாமல் இட்டவர்களின் மரங்களை வெறும் நிழல் மரங்களாக்கக் கூடியது. புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அவ்விரு தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. அதே கரியிலிருந்து பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலம் மண்ணை வளப்படுத்துவதை நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தார் பரீட்சித்து உரமாகவே செய்தார்கள். பழைய வனத்தின் மிச்சம் புதிய மரத்தின் வேருக்குப் போய்ச் சேர்வது பொருத்தமான காரியமே.

இத்தனை உபாயங்களையும் விட நெய்வேலி மரங்களின் விதியை நிர்ணயித்த சங்கதி ஒன்று உண்டு. அங்கே மரத்தை நட்டவருக்கு மரம் சொந்தமில்லை. நிலமும் வீடும் ஸ்தாபனத்தின் உடைமை. குடியிருப்பவர் உத்தியோகத்தில் உள்ளவரையில் அனுபவிக்கிறார். பதவி உயர்ந்தால் பெரிய வீட்டுக்குப் போகிறார். ஓய்வு பெற்றால் ஊரை விட்டே போகிறார். ஒட்டு மாங்கன்று காய்க்க நாலைந்து ஆண்டுகள், விதையில் முளைத்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும் என்றால், வைத்தவர் ஒருவர், தண்ணீர் ஊற்றியவர் இன்னொருவர், பழம் தின்றவர் மூன்றாமவர் என்று ஆவது அங்கே சாதாரணம். கிராமத்தில் மகன் அறிந்திருந்ததை இங்கே அடுத்த குடித்தனக்காரர் அறிய வழியில்லை. எந்த மாதத்தில் நீரை நிறுத்த வேண்டும், எந்தக் கிளையில் துளைப்புழு இருந்தது, தென்னையின் குருத்தில் காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுத்தது எப்போது என்பவையெல்லாம் சாமான்களோடு லாரியில் ஏறிப் போய்விடுகின்றன. புதிதாக வருகிறவர் தம் ஊர் வழக்கப்படி புதிதாகத் தொடங்குகிறார். இருந்தும், என்றாவது ஒருநாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தெரிந்தே, பலன் தமக்குக் கிட்டாதென்று அறிந்தே, ஜனங்கள் அங்கே அறுபது ஆண்டுகளாகக் கன்று நட்டு வந்திருக்கிறார்கள். சொந்த நிலத்தில் மரம் வைப்பதைவிட இது ஒரு படி உயர்ந்த தர்மம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மரங்களுக்குப் பெரும் பரீட்சை வந்தது கோடையில் அல்ல. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல், மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்கு வீசிய காற்றோடு உள்நாட்டுக்குள் புகுந்து, பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் கொல்லைகளையும் பலாத் தோப்புகளையும் தரையோடு படுக்கவைத்துவிட்டு, நெய்வேலி நகரத்துச் சாலைகளையும் கொல்லைப்புறங்களையும் விழுந்த மரங்களால் மறித்தது. பல ராஜ்யங்களுக்கு மின்சாரம் அனுப்பும் மாவட்டத்திலேயே கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அன்றாடம் மேலாக நீர் குடித்துப் பழகிய மரத்துக்கு வேர் ஆழம் போவதில்லை. உட்கிளை அரியாத மரத்தில் காற்று நுழைந்து வெளியேற வழியில்லை. அப்படிப்பட்ட மரம் பாய் விரித்த படகைப் போல மொத்தக் காற்றையும் தன் மேல் வாங்கிக்கொள்ளும். கோடையில் செய்த தவறுக்குத் தண்டனை மார்கழியில் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். ஆயினும் நீரே பாய்ச்சாத மானாவாரிப் பலாக்களும் அன்று விழுந்தன என்பதையும் மறைக்கலாகாது. அவ்வளவு பெரிய காற்றுக்கு முன் எந்த விதியும் பூரணமாகச் செல்லாது. கிளைகளை வெட்டிப் பாரம் குறைத்து, சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து மண் அணைத்தால் மறுபடி துளிர்ப்பதுண்டு. அதற்குப் பின்வரும் முதல் கோடையே அவற்றின் ஜீவ மரணப் போராட்டம். அறுந்த வேர்கள் புதிதாக ஓடும் வரையில் தழையைக் குறைத்து வைத்து, அடியில் மூடாக்கு இட்டு, சிறிது சிறிதாக நீர் கொடுப்பதே அப்போது செய்யத்தக்கது.

பிற்காலத்துக் கோடைகள் வேறு சத்துருக்களையும் கொண்டுவந்தன. 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ தமிழ்நாட்டுத் தென்னைகள் எங்கும் பரவி, ஓலையின் அடிப்புறத்தில் வெண்ணிறச் சுருள்களாக முட்டையிட்டு, கீழ் ஓலைகளைக் கரும்பூஞ்சணத்தால் கறுக்கச் செய்தது. உஷ்ணமும் வறட்சியும் மிகுந்த மாதங்களில் அது பெருகும். மருந்தை வாரி அடித்தாலோ அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் முதலில் சாகும். ஆகையால் நீரை விசையோடு பீய்ச்சி ஓலையைக் கழுவுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுத்தாள்களைத் தண்டில் கட்டுவதுமே விவசாயப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் பரிகாரம்.

அந்த 2016ஆம் ஆண்டிலேயே ஸ்தாபனத்தின் பெயரும் என்எல்சி இந்தியா என்று மாறிற்று. 1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் வரை வளர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020இல் நிறுத்தப்பட்டது. அந்நிலையத்தின் வயதொத்த மாவும் பலாவும் நகரத்து வட்டங்களில் இன்னும் காய்க்கும் பருவத்திலேயே இருக்கின்றன. நல்ல மாமரத்துக்கு நூறாண்டு பெரிய வயதன்று. கரி ஒருநாள் தீரும். தீர்ந்தபின் ஊற்றை இறைக்கும் அவசியமும் நிற்கும். அப்போது குழாய் நீரின் தாராளமும் இராது. அந்தக் காலத்தில் நெய்வேலியின் மரங்களைக் காக்கப் போவது, சுரங்கம் வருமுன் அதே மண்ணில் குடத்தை எண்ணி ஊற்றிய குடியானவர்களின் சிக்கன வித்தைதான்.

அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது விவேகம். உத்தியோகக் குடியிருப்புகளில் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது விளக்கு எத்தனை, விசிறி எத்தனை, குழாய் ஒழுகுகிறதா என்றெல்லாம் பார்த்துக் கையொப்பம் வாங்குகிறார்கள். அந்தக் காகிதத்தில் கொல்லைப்புறத்து மரங்களுக்கும் ஓர் இடம் கொடுத்து, நட்ட ஆண்டு, காய்க்கும் மாதம், நீர் விடும் முறை, கண்ட நோய், கடைசியாகக் கிளை அரிந்த காலம் ஆகிய நாலைந்து விவரங்களை வெளியேறுகிறவர் எழுதி வைத்துவிட்டுப் போனால், அடுத்த குடித்தனக்காரர் முதல் வைகாசியில் குழாயைத் திருப்புமுன் அதை ஒருமுறை வாசிப்பார். பணச்செலவு இல்லாத இந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் வரவேண்டும் என்பதுமில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுக்கிறவர், வாங்குகிறவரைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போய், மாமரத்தடியில் நின்று, "இதற்கு மார்கழியில் தண்ணீர் விடாதீர்கள்" என்று சொன்னாலே போதும்.